காற்றுக்குள் ஒளிந்திருக்கும் நீர்



நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்க்கு ஈரத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டுமே நம் மாவட்டத்திற்கு நீர் வார்க்கின்றன. கன்னிப்பூ ஒன்று, கும்பப்பூ ஒன்று என இருபோகம் நெல் கண்ட மண் இது. ஆனி, ஆடி மாதங்களில் கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளாயினும் உலராது. அடுக்களையில் உப்பு மரவையில் இட்ட உப்பு நீர்த்துப் போகும். தீக்குச்சி உரசினால் பற்றாது. இத்தகைய காற்றைப் பிடித்து ஓர் இரும்புக் கலத்துக்குள் அமுக்கி வைத்தால் என்ன நேரும்? இன்று யான் பேச வந்த பொருள் அதுவே.

காற்றை அமுக்கிச் சேர்த்து வைக்கும் பொறியைக் காற்றமுக்கி என்று பாடநூல்கள் கூறும். மக்கள் கம்ப்ரஸர் என்பார்கள். யானும் அப்படியே சொல்லுகிறேன். ஒரு காலத்தில் பெட்ரோல் நிலையத்திலும் பஞ்சர் ஒட்டும் கடையிலும் மட்டுமே இரைந்துகொண்டிருந்த இப்பொறி, இப்பொழுது வீட்டுக் கார்க் கொட்டகைக்குள்ளும் வந்துவிட்டது. சக்கரத்திற்குக் காற்றடிக்கலாம், இண்டு இடுக்கில் படிந்த தூசியை ஊதித் தள்ளலாம், இறுகிய நட்டைக் கழற்றலாம், வண்ணம் தெளிக்கலாம். இதனை அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டா. கோயம்புத்தூரில் 1960-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எல்ஜி நிறுவனம், மோட்டார்ப் பணிமனைகளுக்குரிய கருவிகளைச் செய்யப் புகுந்து, இன்று பல நாடுகளுக்குக் கம்ப்ரஸர் அனுப்பி வருகிறது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் கார்ப் பணிமனையில் பல்லாண்டு உழைத்து ஊர் திரும்பினார். கையிலிருந்த பணத்தைக் கொண்டு, தக்கலைக்கு அருகே தம் வீட்டுக் கொட்டகையிலேயே கார்களுக்கு வண்ணம் பூசும் தொழிலைத் தொடங்கினார். அங்கே, பாலைவனத்தின் உலர்ந்த காற்றில், அவர் கை பட்ட கார் கண்ணாடிபோல் மின்னியதாம். இங்கே ஆடிச் சாரலில் பூசிய முதல் காரின்மேல் சின்னம்மை போட்டாற்போலக் கொப்புளங்கள் எழுந்தன. தேய்த்துவிட்டு மறுபடியும் பூசினார், மறுபடியும் கொப்புளம். கார் ஒரு கல்யாண வீட்டாருடையது. அவர்கள் குறித்த நாளில் வண்டி கிடைக்காமல் சினந்து, முன்பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். வண்ணம் விற்ற கடைக்காரரோடு இவருக்குச் சண்டை. கடைசியில், பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் என்ற உரிமையில், என்னை அழைத்துப் போனார்.

யான் முதலில் கேட்டது, “கலத்தின் அடியில் உள்ள திருகை எப்பொழுது திறந்தீர்கள், தம்பி?” என்பதே. அப்படி ஒன்று இருப்பதையே அவர் கவனிக்கவில்லை. அவர் வேலை பார்த்த இடத்தில் பொறியைக் கவனிக்க வேறு ஆள் உண்டு. காற்றை வெளியேற்றி அழுத்தத்தை நன்கு தணித்துவிட்டு, அந்தத் திருகை மெல்லத் திறந்தோம். காப்பிக் கஷாயம் போன்ற செந்நிற நீர் சீறிக்கொண்டு வந்தது. வாளி ஏறக்குறைய நிறைந்துவிட்டது. ஆறு வாரத்து நாஞ்சில் நாட்டு ஈரம் அது.

“வடிகட்டி மாட்டியிருக்கிறேனே, சார்!” என்றார் அவர். மாட்டித்தான் இருந்தார், கலத்தின் வாயிலேயே மாட்டியிருந்தார். அங்கேதான் பிழை. அதனை விளக்குவதற்குச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். அந்நிலையில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி தங்க முடியும். அதற்கு மேற்பட்டது நீராகிவிடும். ஈரப்பதம் நூற்றுக்கு 80 எனின், நம்மைச் சூழ்ந்த காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம் இருக்கிறது. இனி, இக்காற்றைக் கம்ப்ரஸர் உறிஞ்சி, எட்டில் ஒரு பங்கு இடத்திற்குள் அடக்குகிறது. ராபர்ட் பாயில் 1662-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிப்படி அழுத்தம் எட்டு மடங்காகிறது; அழுத்தமானியில் ஏறத்தாழ ஏழு கிலோ என்று முள் காட்டும். காற்று எட்டில் ஒன்றாகச் சுருங்கியது. நீராவி சுருங்கித் தங்குமா? தங்காது. ஓர் இடத்தில் எவ்வளவு நீராவி நிற்கலாம் என்பதை வெப்பநிலையும் இடத்தின் கன அளவுமே முடிவு செய்கின்றன. உடன் இருக்கும் காற்று மிகுதியா குறைவா என்பது அங்கே பொருட்டன்று. இவ்வுண்மைக்கு அடிகோலியவர் ஜான் டால்டன். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. பன்னிரண்டு வயதிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர். ஆகவே, எட்டில் ஒரு கன மீட்டர் இடத்தில், 30 டிகிரியில், நான்கு கிராமுக்கும் குறைவான ஆவியே நிற்கும். எஞ்சிய 20 கிராமும் நீராக விழுந்தே தீர வேண்டும். நனைந்த துணியைப் பிழிவதுபோல் கம்ப்ரஸர் காற்றைப் பிழிகிறது. நிமிடத்திற்கு 120 லிட்டர் காற்றை உறிஞ்சும் சிறு பொறியாயினும், இடைவிடாது ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஒரு தம்ளர் நீர் தரும்.

ஆனால் அந்த நீர் எங்கே விழும் என்பதுதான் இங்கே நுட்பம். அமுக்கப்பட்ட காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். கம்ப்ரஸரின் உருளையிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பம் 100 டிகிரியையும் கடக்கும். சூடான காற்றில் நீர், ஆவியாகவே இருக்கும். வடிகட்டி என்பது துளிகளைச் சுழற்றிப் பிடிக்கும் கருவி. ஆவியைப் பிடிக்க அதனால் இயலாது. சல்லடையில் புகையைச் சலிக்க முடியுமோ? பொறி ஓய்வின்றி ஓடும்போது கலமும் சூடாகவே இருக்கும். காற்று அதன் வாயிலுள்ள வடிகட்டியை ஆவியோடு கடந்து, ரப்பர்க் குழாயில் போகப் போகக் குளிர்ந்து, வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியின் வாயில் துளியாய் வந்து நிற்கும். துப்பாக்கியில் விரிவதாலும் காற்று மேலும் குளிரும். காரின்மேல் நாம் கண்ட கொப்புளம் அத்துளிகளின் வேலை.

முதலில் குளிரவிட வேண்டும். பிறகே வடிகட்ட வேண்டும். என் மாணவருக்கு இவ்வளவே தெரியாதிருந்தது. இதனைக் கேட்டபின் அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “சார், பாயில் விதிக்கும் ஈரப்பதத்துக்கும் நீங்கள் வைத்த பரீட்சையில் நான் முழு மதிப்பெண் வாங்கினேன். இரண்டும் ஒன்றாகச் சேரும் என்று வகுப்பில் சொல்லவே இல்லையே!” என்றார். உண்மை. முப்பது ஆண்டுக்கு மேல் அவ்விரண்டையும் வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு பாடமாக நடத்தியவன் யான். என்னிடம் அதற்கு விடை இல்லை.

இனி அவர் கொட்டகையில் நாங்கள் செய்த மாற்றங்களைக் கூறுகிறேன். கம்ப்ரஸரைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். அதனை ஒரு முழம் தள்ளி வைத்தோம். சக்கரத்தின் ஆரங்களே விசிறிபோல் உருளையைக் குளிர்விப்பதால், அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும். அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகளை இட்டு, வடிகால் திருகு உள்ள பக்கம் மயிரிழை தாழ்ந்திருக்குமாறு அமைத்தோம். காற்று உறிஞ்சும் வாய், வெயில் படாத, தூசியும் வண்ணப் புகையும் எட்டாத பக்கம் நோக்கியிருத்தல் நலம். மின்சாரத்திற்குத் தனி இணைப்பும், பழுதற்ற நில இணைப்பும் இன்றியமையாதவை. தூரம் போதாவிடின் காற்றுக் குழாயை நீட்டலாம். மெல்லிய மின்கம்பியை நீட்டலாகாது. கம்பி நீண்டால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் வெந்துபோகும்.

அடுத்தது குழாய். கலத்திலிருந்து புறப்பட்டு, கொட்டகையின் சுவரைச் சுற்றி, ஏறக்குறைய பத்து மீட்டர் நீளத்திற்குச் செப்புக் குழாய் ஓடவிட்டோம். சூடு, உலோகத்தின் வழியே வெளியேறிவிடும், காற்று குளிரும், ஆவி நீராகும். குழாய் பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவு சரிந்து போகிறது. வயலுக்கு வாய்க்கால் வெட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. தாழ்ந்த முனையில் குழாயைக் கீழ்நோக்கி ஒரு முழம் தொங்கவிட்டு, அதன் அடியில் ஒரு திருகு. அங்கே நீர் சேரும். காற்றை எடுக்கும் கிளைக்குழாய் முதன்மைக் குழாயின் மேற்புறத்திலிருந்து கொக்கின் கழுத்துப்போல் மேலெழுந்து வளைந்து இறங்குகிறது. நீர் அடியில் ஓடும். மேலேயிருந்து காற்று மட்டும் வரும். அக்கிளையின் முடிவில், துப்பாக்கிக்கு அருகே, பழைய வடிகட்டியை மாட்டினோம். அதே வடிகட்டிதான், இடம் மட்டுமே மாறியது.

செப்பு விலை மிகுதி என்று சிலர் வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயைப் பொருத்துவதுண்டு. வேண்டவே வேண்டா! தண்ணீர் நிறைந்த குழாய் விரிந்தால் ஒழுகும்; அமுக்கிய காற்று நிறைந்த பி.வி.சி. உடைந்தால் துண்டு துண்டாகத் தெறித்துக் கண்ணையும் பறிக்கும். துத்தநாகம் பூசிய இரும்போ அலுமினியமோ போதும்.

இவ்வளவு செய்த பின்னும் காற்றில் சிறிது ஆவி எஞ்சும். கொட்டகையின் வெப்பநிலைக்குக் கீழே அக்குழாயால் குளிர்விக்க முடியாதன்றோ? வண்ணம் பூசுவோர் அதற்காக சிலிக்கா ஜெல் மணிகள் நிறைந்த குடுவை ஒன்றை வடிகட்டிக்கு அப்பால் மாட்டுவார்கள். மருந்துப் புட்டிக்குள் சிறு பொட்டலமாக நீங்கள் கண்ட பொருள்தான். நீல நிறச் சாயமிட்ட மணிகள் ஈரத்தை உண்டு இளஞ்சிவப்பாக மாறும்; இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். ஆனால் குளிர்விக்கும் குழாயின்றி இதை மட்டும் நம்பினால், ஆடி மாதத்தில் அடிக்கடி மணி வறுப்பதே வேலையாகிவிடும். பெரிய தொழிற்சாலைகளில் குளிர்சாதனம் கொண்டு காற்றை 3 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து நீரைப் பிரிப்பார்கள். சக்கரத்திற்குக் காற்றடிப்பவருக்கு இவை எவையும் வேண்டியதில்லை. நாள்தோறும் அடித்திருகைத் திறந்தாலே போதும்.

அந்தத் திருகைத் திறவாதிருப்பதில் வண்ணம் கெடுவதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. அடியில் தேங்கிய நீர், கலத்தின் இரும்பை உள்ளிருந்து தின்கிறது. வெளியே புதுவண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு மெலிந்துகொண்டே வரும். நூறு லிட்டர்க் கலத்தில் ஏழு கிலோ அழுத்தத்தில் அடைபட்ட காற்றின் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காரை ஒரு மாடி உயரத்திற்கு மேல் தூக்கப் போதுமானது. அது ஒரே நொடியில் வெடித்து வெளிப்பட்டால் விளைவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். துரு அரித்து ஊசித்துளை விழுந்த கலத்திற்கு ஒட்டு வைத்து வெல்டிங் செய்யும் வழக்கத்தை யான் கண்டிருக்கிறேன். துளை விழுந்த இடம் மட்டுமா மெலிந்திருக்கும்? அக்கலத்தைக் கழித்துவிடுவதே முறை. ஐயமிருந்தால் கலத்தில் நீரை நிரப்பி, அந்நீரை அழுத்திச் சோதிப்பார்கள். காற்றால் சோதிப்பதில்லை, நீர் அமுங்காத பொருளாகையால், கலம் கிழிந்தாலும் வெடிக்காது, ஒழுகும். மேலேயுள்ள காப்பு வால்வின் வளையத்தை அவ்வப்போது இழுத்து, அது துருவேறிச் சிக்காதிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். இன்னொன்று: விளையாட்டாகவேனும் காற்றுக் குழாயை மனிதர் உடம்பின்மேல் திருப்பாதீர்கள். தோலைத் துளைத்து உட்புகும் காற்று உயிரையே போக்கும்.

நம் ஊர்க் கொல்லாசாரியின் தோல் துருத்தியில் இத்தகைய தொல்லை ஏதும் இல்லை. அது காற்றைத் தள்ளியது, சேமித்து வைக்கவில்லை. சேமிக்கத் தொடங்கியபோதுதான் ஆற்றலும் ஆபத்தும் நீரும் ஒருங்கே வந்தன. பிரான்சையும் இத்தாலியையும் இணைத்து ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுரங்கப்பாதையில், பாறையைத் துளைத்த பொறிகள் இவ்வாறு அமுக்கிய காற்றால் ஓடியவையே. இன்று நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் பேருந்து நிற்கையில் நீங்கள் கேட்கும் ‘உஸ்’ என்ற ஒலியும் காற்றுத்தடையின் ஒலிதான். அப்பேருந்துகளிலும் காற்றுக்கலம் உண்டு. அதன் அடியிலும் நீர் சேரும். அதனையும் வடிக்க வேண்டும்.

என் மாணவரின் கொட்டகையில் இப்பொழுது கார்கள் வரிசையில் நிற்கின்றன. அவர் மகள் பதினொன்றாம் வகுப்பில் பயில்கிறாள். அளவுகோடு இட்ட ஒரு குவளையைக் கலத்தின் அடியில் வைத்து, நாள்தோறும் வடியும் நீரை அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். மாலையில் வடித்த பின்னும் மறுநாள் காலையில் திறந்தால் மீண்டும் நீர் வருகிறது, அது ஏன் என்று என்னிடம் கேட்டாள். “இரவில் கலம் குளிர்கிறதல்லவா, மக்களே?” என்றேன். அவள் நோட்டில் உடனே ஒரு புதுப் பத்தி கிழித்து, அதன் தலையில் ‘இரவு வெப்பநிலை’ என்று எழுதிக்கொண்டாள்.