உப்பு நீரில் உயிரணுவைப் பிரித்தல்: கருத்தரங்கத் தலைமை உரை



மின்புலத்தின் துணையால் புரதம், வைரஸ், உயிரணு முதலிய சூட்சுமப் பொருள்களை நகர்த்தியும் பிரித்தும் அறிகின்ற சாஸ்திரத்தைப் பற்றி விவாதிக்க வேலூரில் கூடியிருக்கிறோம். இதற்கு இதனினும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம். இங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிலாளி, இந்தச் சாஸ்திரத்துக்கு ஆதாரமான ஓர் உண்மையை நாள்தோறும் கையாண்டு வருகிறார். அமிலமும் உப்பும் கலந்த நீரில் டிரம் சுழன்று நின்றபின், தோலின் தடித்த பாகத்தில் கத்தியால் ஒரு கீற்று வெட்டி, வெட்டுவாயில் புரோமோகிரசால் பச்சை என்ற சாயத்தை ஒரு துளி விட்டு, குறுக்கு முழுவதும் மஞ்சளாகிறதா, நடுவே நீலம் எஞ்சி நிற்கிறதா என்று அவர் உற்றுப் பார்க்கிறாரே, அப்போது அவர் சோதிப்பது அமிலம் உட்புகுந்த ஆழத்தை மட்டுமன்று. அதன்வழி கொலாஜன் என்னும் புரதத்தின் மின்னூட்ட நிலையையுமே சோதிக்கிறார். அமிலத்தால் கொலாஜனின் எதிர்மின் பகுதிகள் அடங்கியிருக்கும்போது, தோலைப் பதனிடும் குரோமியம் தடையின்றி உள்ளே செல்கிறது. பிறகு காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கச் சேர்க்க, அப்பகுதிகள் மீண்டும் மின்னூட்டம் பெற்றுக் குரோமியத்தைப் பற்றிக்கொள்கின்றன.

தோலில் கட்டுண்டு கிடக்கும் இதே குணம் கரைசலில் மிதக்கும் புரதத்துக்கும் உண்டு. ஆகவே அது மின்புலத்தில் நகர்கிறது. ஸ்வீடன் நாட்டு டிஸேலியஸ் 1937இல் ரத்தநீரின் புரதங்களை இவ்வழியில் பிரித்துக் காட்டினார். 1948இல் நோபல் பரிசும் பெற்றார். அடுத்த ஆண்டே பாலிங்கும் அவருடைய சகாக்களும், அரிவாள் செல் சோகை உள்ளவரின் ஹீமோகுளோபின் மற்றவருடையதினின்றும் வேறான வேகத்தில் நகர்கிறது என்பதை நிரூபித்து, ஒரு வியாதியின் மூலத்தை ஒரு மூலக்கூறில் கண்டார்கள். 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் வெளியிட்டபோது, அது நம் சொந்தப் பிரச்சினையுமாயிற்று.

1986ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை இந்தச் சபையில் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், இவ்வூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டு, எச்.ஐ.வி. நம் நாட்டிலும் உண்டு என்பது தெரியவந்தது. ஆனால் அதை உறுதி செய்த வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனை, அதாவது வைரஸின் புரதங்களை மின்புலத்தால் கூழ்மத்தில் வரிவரியாகப் பிரித்து, நோயாளியின் ரத்தநீர் எந்தெந்த வரியோடு இணைகிறது என்று பார்க்கும் பரிசோதனை, அமெரிக்காவில்தான் நடந்தது. ஐயம் எழுந்த இடத்திலேயே அதைத் தீர்க்கும் சாதனமும் இருக்கவேண்டும் என்ற ஆவல் எனக்கு அந்த வரலாற்றிலிருந்தே பிறந்தது.

இனி முழு உயிரணுவுக்கு வருகிறேன். 1951இல் அமெரிக்கரான போல் என்பவர் பெயரிட்டு விளக்கிய டைஎலக்ட்ரோபோரெசிஸ் என்னும் முறையில், துகளுக்கு நிகர மின்னூட்டம் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஓரிடத்தில் செறிந்தும் மற்றோரிடத்தில் தளர்ந்தும் உள்ள புலத்தில் ஓர் உயிரணு நிற்குமானால், அதன் இரு பக்கங்களிலும் எதிரெதிர் மின்முனைகள் தோன்ற, செறிந்த புலத்தில் அகப்பட்ட முனை அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுக்கப்படுவதால், உயிரணு ஒரு திசையில் நகர்கிறது. சூழ்ந்த திரவத்தைவிட எளிதாக முனைவுகொள்ளுமாயின் செறிவை நோக்கிச் செல்லும். இல்லையேல் விலகி ஓடும். எந்தத் திசை என்பது மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தும் மாறுகிறது. உயிருள்ள அணுவின் சவ்வு அயனிகளை எளிதில் விடாமல் காக்கிறது, செத்த அணுவின் சவ்வோ கசிகிறது. இந்த ஒரு வேற்றுமையைக் கொண்டே போல், ஹாக் இருவரும் 1966இல் உயிருள்ள ஈஸ்டையும் செத்த ஈஸ்டையும் தனித்தனியே பிரித்தார்கள். சாயமோ வேறு குறியோ ஒட்டாமல், உயிரின் சுபாவத்தையே அடையாளமாகக் கொண்டு பிரிப்பது எவ்வளவு அற்புதம்!

இத்தனை அழகிய முறை ஆய்வகத்தை விட்டு வெளியே வரத் தயங்குவதற்குப் பெருங்காரணம் உப்பு. பத்து மைக்ரான் இடைவெளியில் பத்து வோல்ட் கொடுத்தால் மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் என்ற புலம் உண்டாகிறது. சர்க்கரைக் கரைசலில் இது சாதுவாக இருக்க, அதைவிடப் பல மடங்கு மின்கடத்தும் ரத்தநீரிலோ வெப்பம் ஏறி உயிரணு வெந்துபோகும். அன்றியும் உப்பு மிகுந்த ஊடகத்தில் உயிருள்ளதும் செத்ததும் ஒருங்கே விலக்கப்படுவதால், நாம் நம்பிய வேற்றுமையே மங்கிவிடுகிறது. எனவே ஆராய்ச்சியாளர்கள் ரத்தத்தைக் கழுவிச் சர்க்கரைக் கரைசலில் இட்டுத் தங்கள் முடிவுகளைக் காட்டுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிடுவது தவறு.

நம் வட்டாரத்தில் உப்பு ரத்தத்தில் மட்டும் இல்லை. பச்சைத் தோல் கெடாதிருக்க அதன் எடையில் சுமார் 40 சதவீத உப்பை இடுகிறார்கள். டேனரியில் ஊறப்போடும்போது அதில் பெரும்பகுதி கரைந்து கழிவுநீரில் சேர்கிறது. இந்தக் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை வலியுறுத்தியது. டேனரிக் கழிவுநீர் சென்று சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவைத் தின்று அழிப்பவை பாக்டீரியாக்கள். அந்த உவர்நீரில் அவற்றுள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்பதைச் சில நிமிஷங்களில் அறியக்கூடுமானால், தொட்டி கெட்டபின் வருந்தாமல் முன்னரே காப்பாற்றலாம். மின்முனைகளை இன்னும் நெருக்கினால் அதே புலத்துக்குக் குறைந்த வோல்ட் போதும். வெப்பமோ வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறையும். அதிர்வெண்ணை உயர்த்தியும் மின்முனைமேல் மெல்லிய காப்புப் படலம் பூசியும் பார்க்க வழியுண்டு. மருத்துவரும் பொறியியலாரும் தோல் ரசாயனம் அறிந்தவரும் ஒரே மேஜையில் அமர்ந்து இதைச் செய்யவேண்டும் என்று விரும்புகிறேன்.

கட்டுரை வாசிப்போர் ஒவ்வொருவரும், தாம் பயன்படுத்திய ஊடகத்தின் மின்கடத்துதிறன் என்ன, துகள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற இரண்டையும் தம் முடிவோடு சேர்த்தே கூறுமாறு, தலைவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். உப்பு நீரில் செய்து தோற்றவர்களின் கட்டுரைகளுக்கும் இங்கே சம இடம் உண்டு. அவற்றுக்கு விவாத நேரம் சற்று அதிகமாகவே தரப்படும். முதல் அமர்வு இப்போது தொடங்கட்டும்.