கணனியும் கட்டிலருகே நிற்போரும்



வைத்தியசாலைக்குக் கணனி வேண்டாமென வாதாட நான் எழுந்து நிற்கவில்லை. வைத்தியரின் கையெழுத்து விளங்காமையால் தவறான மருந்து கொடுக்கப்படும் ஆபத்தை அது குறைக்கின்றது. இரத்தப் பரிசோதனையின் முடிவை விரைவில் விடுதிக்குக் கொண்டுவருகின்றது. ஆயின் அந்நன்மைக்குரிய விலையை யார் கொடுக்கின்றனர் என்பதே என் கேள்வி.

அமெரிக்கா 2009ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, பெரும்பணம் வழங்கி, நோயாளர் பதிவேடுகளைக் கணனிக்கு மாற்றத் தூண்டியது. விளைந்ததென்ன? வெளிநோயாளரைப் பார்க்கும் 57 வைத்தியர்களை உடனிருந்து கவனித்த ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று. அவர்களது வேலை நேரத்தில் நோயாளரோடு நேரிற் கழிந்தது 27 சதவீதம். கணனியோடும் எழுத்து வேலையோடும் கழிந்தது 49 சதவீதம். போதாக்குறைக்கு, இரவிலும் ஒன்றிரண்டு மணி நேரம் அதே வேலை தொடர்ந்ததென நாட்குறிப்பு எழுதியோர் தெரிவித்தனர்.

2017 மே மாதம் கணனிகளை முடக்கும் வைரஸ் பரவியபோது, இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை நிறுவனங்களில் மூன்றிலொரு பங்கு பாதிக்கப்பட்டது. ஊழியர் மீண்டும் தாளையும் பேனாவையும் எடுத்தனர். நம் நாட்டிலோ 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறக்கவில்லை. ஆகவே தாளை அடியோடு ஒழித்தல் இயலாது. ஆனால் எல்லாவற்றையும் தாளிலும் எழுது, கணனியிலும் பதி என்பது இரட்டைச் சுமை. உழவு இயந்திரத்தால் உழுத வயலை, அதே நாளில் எருது பூட்டி மறுபடி உழும் கமக்காரன் உண்டா?

நாம் கேட்பன நான்கு. கணனிப் பதிவுக்கென இலிகிதர் நியமிக்கப்படவேண்டும். ஒரு விபரம் ஒரே முறை பதியப்படவேண்டும். தாள், மின்சாரம் அற்ற வேளைக்கெனக் காத்திருக்கட்டும். கடமை முடிந்து வீடு சென்றவரைக் கைத்தொலைபேசிக் கட்டளைகள் துரத்தலாகாது. அவ்வுரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்தில் வைத்துள்ளது. நான்காவதாக, கணனி அச்சிடும் மருந்துச் சீட்டும் அறிவுறுத்தலும் தமிழ் நோயாளருக்குத் தமிழிலேயே கிடைக்கவேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் கூறுகின்றது. அது நடைமுறையில் இல்லையேல், வாசித்து விளங்கப்படுத்தும் வேலையும் தாதியின் தலையிலேயே விழும்.

இவை ஊழியரின் சுகத்துக்கான கோரிக்கைகள் மாத்திரமல்ல. பாம்பு கடித்த மகனைத் தோளிற் சுமந்து நள்ளிரவில் ஓடிவரும் கமக்காரனை, திரையிலிருந்து நிமிர்ந்து ஒரு மனித முகம் பார்க்கவேண்டும் என்பதற்கான கோரிக்கைகளுமாகும்.