பிரசவத்துக்கும் சொக்சோ காப்பு வேண்டும்

2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டப்படி மகப்பேறு விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், அந்தச் சம்பளத்தைக் கொடுப்பவர் முதலாளி, சொக்சோ அல்ல. பிரசவத்துக்கு முந்திய 9 மாதங்களில் 90 நாளாவது அவரிடம் வேலை செய்திருக்கவும் வேண்டும்.

சுங்கை சிப்புட் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் பெண்ணுக்கு முதலாளி ஏது?

2022 டிசம்பரில் தொடங்கிய சொக்சோவின் இல்லத்தரசிகள் திட்டத்தில், ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால் வீட்டு விபத்துக்குக் காப்பு உண்டு. சமையலறையில் வழுக்கி விழுந்தால் உதவி கிடைக்கும். பிள்ளை பெற்று வியாபாரம் நின்றால், இழந்த வருமானத்துக்கு ஈடு இல்லை.

அண்டை நாடான தாய்லாந்தில் சமூகக் காப்புறுதியே பேறுகாலப் பணம் தருகிறது. இங்கும் சொக்சோவில் ஒரு மகப்பேறு நிதி அமைய வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.