சொந்த அவையில் ஒரு மறுப்புக் குரல்



மக்களாட்சியில் இதழியலின் கடமை யாது என்னும் வினாவுக்கு ஐதராபாத் நகரமே ஒரு விடையை வைத்திருக்கிறது. ஷோயபுல்லா கான் என்னும் இளைஞரின் வாழ்வே அவ்விடை.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது, நிஜாமின் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைய மறுத்தது. தெலங்கானா உழவர்கள் செங்கொடியின்கீழ் நிலப்பிரபுக்களை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தனர். அவர்களை ஒடுக்க காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படை ஊர் ஊராகப் பாய்ந்தது. இஸ்லாமியர் அனைவரின் பெயராலும் பேசுவதாக அப்படை உரிமை கொண்டாடியது.

அவ்வுரிமையை மறுத்து எழுந்த உருது நாளேடுதான் ‘இம்ரோஸ்’. ‘இன்று’ என்பது அச்சொல்லின் பொருள். அதன் ஆசிரியரான ஷோயபுல்லா கான், அரசவையின் மொழியிலேயே, தலைநகரிலிருந்தே, ரஜாக்கர்களின் கொடுமைகளைக் கண்டித்தார். இந்தியாவுடன் இணைவதே வழி என்று எழுதினார். மிரட்டல்கள் வந்தன. பேனா நிற்கவில்லை.

1948 ஆகஸ்ட் 21 அன்று இரவு, பணி முடித்து வீடு திரும்பிய அவரை வழிமறித்துச் சுட்டனர், கையையும் வெட்டினர். விடிவதற்குள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 27. செப்டம்பர் 17 அன்று நிஜாம் ஆட்சி பணிந்தது.

அவ்வரலாற்றை இரு மதங்களின் மோதலாகச் சுருக்குவோரின் கதைக்குள் ஷோயபுல்லா கான் அடங்கமாட்டார்.

இன்றோ, பெருமுதலாளிகளின் தொலைக்காட்சிகள் பலவும் பெரும்பான்மையின் பெயரால் பேசும் அதிகாரத்திற்கு ஒலிபெருக்கியாகிவிட்டன. 2022 டிசம்பரில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. விலைபோகாதவர்களுக்குச் சிறை காத்திருக்கிறது. ‘நியூஸ்கிளிக்’ ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா 2023 அக்டோபர் 3 அன்று உபா சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அக்கைது செல்லாது என உச்சநீதிமன்றம் கூறியது 2024 மே 15 அன்று. இடைப்பட்ட ஏழு மாதங்களைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

அயலாரைச் சாடுதல் எந்த ஏட்டுக்கும் எளிது. தன் சமூகத்தின் பெயரால் அதிகாரம் செலுத்துவோரைக் கேள்வி கேட்பதே அரிது. ஓர் ஏட்டை அளக்கும் கோல் அதுவே. அத்தகைய ஏடுகள் விளம்பரதாரரை நம்பி வாழ இயலாது. சந்தாவாலும், தாக்கப்படும் வேளையில் வாசகர் காட்டும் துணையாலுமே அவை நிலைக்கும். அத்துணையை நல்குவது குடிமக்களின் கடமை.