படகில் கிடைத்த ஓய்வு



பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வந்து, தாங்கள் செய்தவற்றையெல்லாம் இயேசுவிடம் சொல்கிறார்கள். வருவோரும் போவோருமாய் ஒரே கூட்டம். அவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. களைத்துப்போன அவர்களை ஆண்டவர் தனிமையான ஓர் இடத்துக்கு அழைத்துப் போய்ச் சற்று ஓய்வு கொடுக்க விரும்புகிறார். எல்லாரும் படகேறிப் புறப்படுகிறார்கள். ஆனால் மக்கள் கரை வழியாக ஓடி, அவர்களுக்கு முன்பே அங்கே போய்க் காத்திருக்கிறார்கள். இயேசு அவர்கள்மீது பரிவுகொள்கிறார். போதனையும் ஐயாயிரம் பேருக்கு உணவும் அன்றுதான் நடக்கின்றன.

மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரம் சொல்லும் இந்த நிகழ்வில், சீடர்களுக்குக் கிடைத்த ஓய்வு எவ்வளவு? அந்தப் படகுப் பயணம் மட்டுமே. அதையும் ஆண்டவர் வீண் என்று நினைக்கவில்லை. அவரே அதைக் கொடுத்தார்.

ஜலகண்டாபுரம் பகுதியில் வளர்ந்த நமக்குப் படகு என்றால் ஏற்காடு ஏரிதான். சேலத்தில் பேருந்து மாறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கடந்து போவோம். அண்ணா பூங்காவில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படகுக்கு வரிசையில் நிற்போம். மிதிபடகில் கால் எட்டாத சின்னவர்களுக்கும் சேர்த்து அண்ணன்மார் மிதிப்பார்கள். தண்ணீரில் கைவிட்டால் விரல் விறைக்கும். அத்தனை பேருக்கும் சீட்டு வாங்கக் காசு இருக்காது. அதனால் நம் தாய்மார் பைகளையும் செருப்புகளையும் காத்தபடி கரையிலேயே உட்கார்ந்து கையசைப்பார்கள்.

அந்தப் படகு எந்த ஊருக்கும் போகவில்லை. ஏரியைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. அதனால் ஒரு முழம் துணியும் நெய்யப்படவில்லை. ஒரு ரூபாயும் வரவில்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மகிழ்ச்சி நம்மிடம் இருக்கிறது. கூலி தராத நேரத்திலும் கடவுள் கொடை தருகிறார்.

நம் ஊரில் ஞாயிறன்றும் தறிச் சத்தம் ஓய்வதில்லை. முன்பணம் வாங்கியவர் நிறுத்த அஞ்சுகிறார். துணி அனுப்ப வேண்டியவர் நிறுத்த மறுக்கிறார். ஓய்வுநாளைப் பற்றி இணைச் சட்ட நூல் 5ஆம் அதிகாரம் கண்டிப்பாகப் பேசுகிறது: வீட்டுத் தலைவரைப் போலவே வேலையாளும் ஓய்வு பெற வேண்டும், எகிப்தில் அடிமையாய் இருந்ததை மறக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் (எண் 1247) ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்பதோடு, அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும் மனம், உடல் இரண்டின் ஓய்வையும் கெடுக்கும் வேலைகளைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஆகவே, தறி வைத்திருப்பவர்களே, கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்காதீர்கள். குடும்பத்தாரே, ஞாயிறு கறிக்குழம்பு வைத்தே களைத்துப்போகும் அம்மாவைப் பாருங்கள். அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவே அவருக்கு மட்டும் அது வேலைநாளாகவே இருக்கிறது. பாத்திரத்தை மற்றவர்கள் கழுவலாம். அடுத்த முறை ஏற்காடு போனால், முதல் சீட்டை அவருக்கு வாங்குங்கள். பைகளை நாம் பார்த்துக்கொள்வோம்.

ஆண்டவரே, உழைத்துக் களைத்த எங்களுக்கு உம் அருகில் ஓய்வு தாரும். நாங்கள் பெறும் ஓய்வை எங்களுக்காக உழைப்போருக்கும் கொடுக்கும் மனதைத் தாரும். ஆமென்.