கதவின் அடிச்சந்தும் மணல் திண்டும்



ஏரி, மதகு, சாலை என்று பெரிய காரியங்களைப் பேசிப் பழகிய சபையில் இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய விஷயம். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் விரற்கடைச் சந்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நகைக்கலாம். ஆனால் உத்திரமேரூரில் இது பொருந்தாத பேச்சல்ல. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், இவ்வூர்ச் சபையார் கல்லில் வெட்டி வைத்த விதிகளை நாம் அறிவோம். வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத நிலம் இருந்தால் மட்டும் போதாது, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவும் வேண்டும் என்றார்கள். ஊர்க் காரியம் பார்க்க வருகிறவனிடம் வீட்டையும் கேட்டார்கள். ஆகவே நாமும் வீட்டிலிருந்து தொடங்கலாம்.

பழைய வீடுகளில் நிலைக்கு அடியில் உயரமான மரப்படி இருந்தது. கதவு அதன்மேல் பொருந்தி நிற்கும். சிமெண்டு வீடுகள் வந்தபின் பல இடங்களில், முக்கியமாகக் கொல்லைப்புறக் கதவில், அந்தப் படி மறைந்துவிட்டது. ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கதவு தரையில் இடிக்கிறது. தச்சரை அழைத்து அடியை இழைக்கிறோம். பங்குனி வெயிலில் அதே மரம் வற்றிச் சுருங்குகிறது. அப்போது பார்த்தால் அரை அங்குலம், சில வீடுகளில் ஓர் அங்குலம் சந்து!

இந்தச் சந்தின் வழியாக ஆடிக் காற்றில் களத்துப் புழுதி உள்ளே வருகிறது. மார்கழியில் வாடைக் காற்று தரையோடு தவழ்ந்து வந்து, பாயில் படுத்திருக்கும் குழந்தையையும் முதியவரையும் நேராகத் தாக்குகிறது. சுண்டெலி நுழையக் கால் அங்குலம் போதும்; எலிக்கு அரை அங்குலம் போதும். எலி வந்த வழியில் அதைத் தேடிப் பாம்பும் வரும்.

இதனை நாம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வீட்டுக்குள் வந்து, தரையில் உறங்குகிறவரைக் கடிப்பது அதன் தனித்தன்மை. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். சிறிது நேரத்தில் கண்ணிமை கீழே சரியும், பேச்சுக் குழறும், மூச்சு முட்டும். அஜீரணம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றில் ஒன்றாகச் சேர்த்தது.

நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் நம் பக்கத்து மக்களே. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்து வேலை செய்கிறது. ஆனால் மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பாம்பு வருவதோ நம் கதவின் அடியில். அதனால்தான் அந்தச் சந்தை அடைக்க ஒரு திண்டு செய்யச் சொல்கிறோம்.

பழைய கால்சட்டையின் ஒரு கால் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது ஏற்கெனவே குழாயாக இருக்கிறது. நீளம் போதாவிட்டால் இரண்டு கால்களை ஒட்டித் தைக்கலாம். ஜமுக்காளத் துண்டும் ஆகும். மெல்லிய சேலைத் துணி மட்டும் உதவாது, மணல் கசியும்; அதை உள்ளுறையாக இரண்டு மடிப்பாகப் போடலாம். கதவின் அகலத்தை அளந்து, அதற்குமேல் இரண்டு அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். திண்டின் பருமன் இரண்டு அங்குலம் இருந்தால் போதும். ஒரு முனையை இரட்டைத் தையலிட்டு, சலித்து வெயிலில் நன்றாகக் காயவைத்த மணலை நிரப்ப வேண்டும். கடல் மணல் கூடாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். முழுவதும் திணிக்காமல் முக்கால் பங்கு நிரப்பினால்தான் திண்டு தளர்ந்து, மேடு பள்ளமான தரையில் ஒட்டிக் கிடக்கும். மூன்றடிக் கதவுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ மணல் பிடிக்கும். அந்தக் கனமே அதன் பலம்.

உமி சும்மா கிடைக்கிறதே என்பார்கள். உமியில் கலந்திருக்கும் நொய்யும் பதரும் எலிக்கு அழைப்பிதழ். வேண்டாம்.

படுக்கப் போகுமுன் கதவைத் தாழிட்டு, உட்புறம் சந்தை ஒட்டித் திண்டைக் கிடத்த வேண்டும். காலையில் அதைக் கையால் தூக்கக் கூடாது. ஒரு கோலால் புரட்டிப் பார்த்துவிட்டு எடுப்பதே முறை. தேள் ஒதுங்க இருட்டும் மறைவும் அதற்குப் பிடிக்கும். வாரம் ஒருமுறை வெயிலில் காயப்போட வேண்டும்.

இத்திண்டு காற்றையும் புழுதியையும் தடுக்கும். ஊர்ந்து வருவதற்குக் கதவடி வழியை அடைக்கும். அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. கூரையிலும் சுவரிலும் உள்ள பொந்துகளைத் திண்டு அடைக்காது. தரையில் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாறுவதும், கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொள்வதும் அவசியம். எலியின் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்தே தீரும்; துணியை ஓரிரவில் கிழித்துவிடும். ஆகவே நெல் மூட்டை அடுக்கிய அறைக் கதவுக்குத் திண்டு போதாது. கதவின் வெளிப்புற அடியில் ஆறங்குல உயரத்துக்குத் தகரம் அடித்து, தகரத்தின் விளிம்பு தரையை உரசுமாறு இறக்க வேண்டும். தகரத்துக்கு உட்புறம் பழைய லாரி ட்யூப் ரப்பர்ப் பட்டை ஒன்றையும் அடித்தால் புழுதியும் நிற்கும்.

ஓர் எச்சரிக்கையைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். காஸ் சிலிண்டர் உள்ள சமையலறைக் கதவில் திண்டு வைக்கவே கூடாது. கசிந்த காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அது வெளியேற அடிச்சந்து ஒரு வழி. அவ்வாறே பிள்ளை பெற்ற அறையில் குளிருக்கென்று கரியடுப்பு மூட்டிவிட்டு, கதவையும் சன்னலையும் அடைத்து, சந்துக்குத் திண்டும் இட்டால் கரிப்புகையில் தாயும் சேயும் மயங்கி மாண்டுவிடக்கூடும். அந்த நச்சுக்காற்றுக்கு வாசனை கிடையாது. நெருப்பு உள்ள அறையில் திண்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கத்தினர்களுக்கும் இதில் வேலை உண்டு. அரசுத் திட்டங்களில் கட்டப்படும் வீடுகளைப் பார்வையிடும்போது, கதவு மாட்டிய பின் அடிச்சந்தில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால் அதைச் சரிசெய்த பிறகே வேலை முடிந்ததென்று ஒப்புக்கொள்ளுங்கள். அந்த நிலையில் ஒரு சிமெண்டு வரம்பு கட்டிவிட்டால் போதும், செலவு மிக அற்பம். அங்கன்வாடியின் கதவையும், பள்ளியில் அரிசி மூட்டை வைக்கும் அறையின் கதவையும் ஐப்பசி மழைக்கு முன் அளந்துவிடுங்கள். தையல் இயந்திரம் உள்ள சுய உதவிக் குழுப் பெண்களிடம் அந்த அளவைக் கொடுத்தால் ஒரு பிற்பகலில் ஊருக்கு வேண்டிய உறைகளைத் தைத்துவிடுவார்கள். துணிக்குப் பஞ்சமில்லை, போகியன்று தீயிடவிருக்கும் பழைய கால்சட்டைகளில் இரண்டை எடுத்து வைத்தால் ஒரு வீட்டின் இரு வாசல்களுக்கும் ஆகும்.