ஆளும் கூட்டத்தில் பிறந்த கலகக்காரி



உதை வாங்குகிறவன் கலகம் செய்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவனுக்கு வலிக்கிறது, கத்துகிறான். ஆனால் உதைக்கிற கூட்டத்தில் பிறந்து, அந்தப் பிறப்பினால் வரும் சலுகைகளெல்லாம் தானே வாசலில் வந்து நிற்க, "இது அக்கிரமம், எனக்கு வேண்டாம்" என்று தள்ளியவர் எத்தனை பேர்? அப்படித் தள்ளிய ஒரு பெண்ணைப் பற்றியே இன்று நாம் பேச வந்தோம். அவர் பெயர் அன்னா கிரெக்கி. பிரஞ்சு பாஷையில் கவி எழுதியவர்.

அவர் 1931-ல் அல்ஜீரியாவில் பாத்னா என்னும் ஊரில் பிறந்தார். தாய் தகப்பன் இருவரும் வெள்ளைக்கார உபாத்தியாயர்கள். ஓரஸ் மலையிலுள்ள மெனா கிராமத்தில், அவ்வூர்ப் பெர்பர் குழந்தைகளோடு புழுதியில் விளையாடி வளர்ந்தார். கூட விளையாடின பிள்ளைக்கு இல்லாத உரிமை தனக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்கப் பெரிய படிப்பு வேண்டுமா?

அந்த உரிமையின் யோக்கியதையைச் சற்றுக் கேளுங்கள். 1830 முதல் அந்நாட்டைப் பிடித்திருந்த பிரஞ்சுக்காரன் "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்" என்று உலகத்துக்கு உபதேசம் செய்தவன். அவனே 1947-ல் செய்த சட்டப்படி அல்ஜீரிய சபைக்கு 120 ஸ்தானங்கள். சுமார் 10 லட்சம் வெள்ளையருக்கும் அவர்களோடு சேர்த்துக்கொண்ட சில முஸ்லிம்களுக்கும் 60. மற்ற சுமார் 80 லட்சம் முஸ்லிம்களுக்கும் அதே 60! அதாவது ஒரு வெள்ளையன் எட்டு நாட்டாருக்குச் சமம். இதுவும் பொறுக்காமல் 1948 தேர்தலில் பகிரங்கமாக மோசடி வேறு செய்தார்கள். சமத்துவம் எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா?

அன்னா பாரிசில் இலக்கியம் படித்தார். 1954-ல் விடுதலைப் போர் மூண்டது. அவர் படிப்பைப் பாதியில் விட்டுத் தாய்நாடு திரும்பினார். உபாத்தியாயர் வேலை பார்த்துக்கொண்டே கம்யூனிஸ்ட் கட்சியின் ரகசிய வேலையில் இறங்கினார். சர்க்கார் அக்கட்சியை 1955-லேயே தடை செய்திருந்தது. அவர் நேசித்த அகமது இனால் என்ற தோழர் 1956-ல் போராட்டத்தில் கொல்லப்பட்டார். அப்போதும் அம்மையார் பின்வாங்கவில்லை.

1957 மார்ச்சில் கைது செய்தார்கள். பாராசூட் பட்டாளத்தார் சித்திரவதை செய்தார்கள். பிறகு அல்ஜியர்ஸ் நகரத்துப் பார்பரூஸ் சிறை. அச்சிறையில்தான் சில வாரங்களுக்கு முன், பிப்ரவரி 11-ல், பெர்னான் இவ்தோன் என்ற வெள்ளைக்காரத் தொழிலாளியின் தலையைக் கில்லட்டின் யந்திரத்தால் வெட்டினார்கள். அவர் வைத்த குண்டு வெடிக்கவுமில்லை, ஒருவரைக் கொல்லவுமில்லை. ஆளும் கூட்டத்தான் கட்சி மாறினால் தண்டனை எப்படியிருக்கும் என்பது அன்னாவுக்குத் தெரிந்தே இருந்தது. அச்சிறையில் இருந்துகொண்டே அவர் கவி எழுதினார். அக்கவிகளில் மெனா கிராமமும், உடன் அடைபட்ட பெண்களும், இறந்த தோழர்களும் வருகிறார்கள்.

1958-ல் அவரைப் பிறந்த நாட்டைவிட்டே துரத்தினார்கள். பின்பு டூனிசில் இருந்தார். கொலெத் கிரெகுவார் என்பது பெற்றோர் இட்ட பெயர். தன் குடும்பப் பெயரின் முற்பாதியையும் கணவர் மெல்கியின் பெயர்ப் பிற்பாதியையும் சேர்த்துக் "கிரெக்கி" என்று வைத்துக்கொண்டார். ஆண் பெயருக்குள் பெண் பெயர் அடியோடு மறைந்துபோகும் உலகத்தில் இந்தப் பாதிப் பங்கு ஏற்பாடு நமக்குப் பிடித்திருக்கிறது.

எதிரியின் பாஷையில் எழுதியவர் எப்படி அல்ஜீரியக் கவி ஆவார் என்று சிலர் கேட்கலாம். பாஷை ஒரு கருவி, தோழர்களே! அது யார் பக்கம் நின்று பேசிற்று என்பதல்லவா கேள்வி? 1963-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் பிரஞ்சுக் கவிகளோடு அரபு மொழிபெயர்ப்பும் சேர்ந்தே அச்சாயிற்று.

1962-ல் நாடு விடுதலை பெற்றது. அம்மையார் திரும்பி வந்து மறுபடியும் பள்ளியில் பாடம் சொன்னார். ஆனால் 1963-ல் புதிய சர்க்கார் செய்த பிரஜைச் சட்டம் என்ன சொல்லிற்று? தகப்பனும் பாட்டனும் அல்ஜீரியாவில் பிறந்து முஸ்லிம் அந்தஸ்து உடையவர்களாய் இருந்தால்தான் ஒருவன் பிறவிப் பிரஜையாம்! சிறை சென்ற வெள்ளைக்காரர் விண்ணப்பம் போட்டுக்கொள்ளலாமாம்! வெள்ளையன் போனான், பிறப்புக் கணக்கு மட்டும் போகவில்லை.

1966 ஜனவரியில், 34-வது வயதில், பிரசவத்தின்போது அன்னா கிரெக்கி இறந்தார். இரண்டாவது கவிதைப் புத்தகம் அவர் இறந்தபின் அவ்வருஷத்திலேயே பாரிசில் வெளிவந்தது.